பாறைக்குழியைச் சுத்தம் செய்யும் முன்

கல் வெட்டி முடித்துக் கைவிட்ட பாறைக்குழி ஒன்று உங்கள் காட்டை, அதாவது விவசாய நிலத்தை, ஒட்டிக் கிடந்தால், ஊரில் யாரைக் கேட்டாலும் இரண்டு யோசனைதான் சொல்வார்கள். ஒன்று, குப்பையும் மண்ணும் கொட்டி மூடி சைட் போடு. இல்லையென்றால், ஜேசிபி விட்டு முள்ளை வழித்துவிட்டு மரக்கன்று நடு. பல்லடத்துக்குத் தெற்கே எங்கள் காட்டை ஒட்டியும் அப்படி ஒரு குழி இருக்கிறது. இரண்டும் செய்யாமல் அதைப் பேணுவது எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் குப்பை லாரியை நிறுத்துங்கள். வண்டித்தடத்தில் குறுக்கே ஆழமாக ஒரு வாய்க்கால் வெட்டினால் போதும். போர்டு வைத்தெல்லாம் யாரும் நின்றதில்லை.

அடுத்து, ஒரு வருஷம் எதையும் வெட்டாமல் பாருங்கள். பங்குனியில் ஆரம்பித்தால் நல்லது. குழியின் மேல்விளிம்பில், பாறைக்கு மேலே இரண்டு மூன்று அடி மண் இருக்கும். அந்த மண்சுவரில் எலுமிச்சம்பழம் நுழையும் அளவுக்குப் பொந்துகள் தெரிந்தால் பக்கத்தில் போய்க் குனிந்து பாருங்கள். பொந்தின் அடிவாயில் இரண்டு கோடு இழுத்த மாதிரி தடம் இருந்தால், பஞ்சுருட்டானோ மீன்கொத்தியோ உள்ளே போய் வருகிறது. அது காலால் தேய்ந்த தடம். வாயில் சிலந்திவலை கட்டியிருந்தால் வீடு காலி. தடம் தெரிகிற சுவரை ஆவணி வரை தொடவே கூடாது. கீழே சரளைத் தரையிலும் கால் பார்த்து வையுங்கள். ஆள்காட்டிக் குருவி கூடு கட்டாது, கல்லோடு கல்லாக நான்கு முட்டை வைத்துவிட்டு நம் தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றும். பாறை இடுக்கில் கொம்பன் ஆந்தை குடியிருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அப்புறம் காட்டில் எலி மருந்து வைக்காதீர்கள், மருந்து தின்ற எலியைப் பிடித்து அதுவும் செத்துப்போகும்.

இனி சீமைக்கருவேலம். 2017-ல் அதை அகற்றச் சொல்லி நீதிமன்ற உத்தரவு வந்தபோது ஊரே அரிவாளோடு கிளம்பியது. மேலாக வெட்டிய இடமெல்லாம் இன்று முன்பைவிட அடர்த்தியாக நிற்கிறது. அந்த மரம் நல்லதா கெட்டதா என்ற விவாதத்தை விடுங்கள். குனிந்து அதன் அடியைப் பாருங்கள். வெறும் மண்ணும் காய்ந்த காயும்தான் என்றால், அது மற்றதை வளரவிடவில்லை, எடுத்துவிடலாம். ஆனால் பல இடங்களில் வேறு கதை நடக்கும். முள்மரத்தில் வந்து உட்காரும் மைனாவும் குயிலும் வேப்பங்கொட்டையைப் போட்டுவிட்டுப் போகும். முள்ளுக்குப் பயந்து வெள்ளாடு உள்ளே வராது. அந்தக் காவலில் வேம்பு இடுப்பளவு வந்திருக்கும், சில சமயம் ஊஞ்சையும் வெள்வேலும்கூட. அப்படிப்பட்ட இடத்தில் கன்றைச் சுற்றி வெளிச்சம் விழுகிற அளவுக்கு மட்டும் கிளையை நறுக்குங்கள். வேம்பு தலையைத் தாண்டி வளர்ந்தபிறகு முள்மரத்தை எடுக்கலாம். எடுக்கும்போது ஒரு அடி தோண்டி, தூரோடு எடுக்க வேண்டும். காய் உதிரும் காலத்தில் ஆட்டை உள்ளே விடாதீர்கள், புழுக்கையோடு விதை போய்க் காடெல்லாம் முளைக்கும்.

இது நம் ஊர் அதிசயம் மட்டுமல்ல. போர்ட்டோ ரீக்கோ தீவில் கைவிட்ட கரும்பு, காப்பி நிலங்களில் வெளிநாட்டு மரங்கள் காடாகி, அந்த நிழலில் உள்ளூர் மரங்கள் திரும்பி வந்ததை ஏரியல் லூகோ என்ற ஆய்வாளர் பல வருஷம் பதிவு செய்திருக்கிறார். மனிதன் கலைத்த இடத்தில் முன்பு சேர்ந்தே இராத உயிர்கள் சேர்ந்து அமைக்கும் இந்தக் குடித்தனத்துக்கும் மதிப்பு உண்டு என்பதுதான் அவர் வாதம். இதைக் கேட்டு யாராவது சிரித்தால் எங்கள் பக்கத்து மேய்ச்சல் நிலமான கொறங்காட்டைக் காட்டுங்கள். கிளுவை வேலி கட்டி, கொழுக்கட்டைப்புல் விட்டு, வெள்வேலை நிறுத்தி, எங்கள் அப்பாரு காலத்துக்கும் முன்னாலிருந்து ஆட்கள் உண்டாக்கி வைத்ததுதானே அது? 2024-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த திருப்பூர் நஞ்சராயன் குளமும் மனிதர் வெட்டியதுதான்.

அதற்காக வந்ததெல்லாம் இருக்கட்டும் என்று நான் சொல்லவில்லை. பார்த்தீனியத்தைப் பூக்கும் முன், கையுறை போட்டுப் பிடுங்குங்கள். வெறுங்கையால் தொட்டால் சிலருக்குத் தோல் தடித்துவிடும். மழைக்காலத்தில் அதன் இலையில் கறுப்புக் கோடு போட்ட சின்ன வண்டு மேய்ந்தால் அந்தச் செடியை மட்டும் விடலாம். பார்த்தீனியத்தைத் தின்னவென்றே மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்து 1984-ல் விட்ட வண்டு அது. எருக்கை எடுக்காதீர்கள், வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு அதுதான் சாப்பாடு.

தண்ணீர் நின்றால் மீன் விடலாமே என்று நாலு பேர் வருவார்கள். வேண்டாம். மீன் இறங்கினால் தலைப்பிரட்டையும் தும்பிக் குஞ்சும் மிஞ்சாது. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பதற்குத் தடையே இருக்கிறது. சாயக்கழிவு எப்போதாவது கொட்டிய குழி என்றால் அங்கே ஆட்டுக்குத் தண்ணீர் காட்டாதீர்கள், கீரையும் பறிக்காதீர்கள். பாறைக்குழி திடீரென்று ஆழம் இறங்கும், பிள்ளைகள் குளிக்கப் போய்விடும். அதனால் சுற்றிலும் கிளுவைப் போத்து ஊன்றி, அது வேலியாகும் வரை கம்பி கட்டி வையுங்கள்.

மரம் நட்டே ஆகவேண்டும் என்று கை அரித்தால் குழிக்கு வெளியே, வண்டித்தடத்து ஓரமாக நடுங்கள். சரளைத் தரையில் நட்டால் ஆள்காட்டிக்கு இடமில்லை. தடத்து ஓரம் என்றால் தண்ணீர் ஊற்றவும் சுளுவு.