500 டாலர் காரும் ஐந்து நண்பர்களும்: லெமன்ஸ் பந்தயத்தில் முதன்முறை இறங்குவோருக்கு

கார்ப் பந்தயம் என்றால் கொழுத்த பணமும் சிறுவயது முதலே பெற்ற பயிற்சியும் வேண்டும் என்று நம்பியிருந்த என்னிடம், அலுவலக நண்பர் ஒருவர் '24 அவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்' பற்றிச் சொன்னபோது அவர் விளையாட்டாகப் பேசுகிறார் என்றே நினைத்தேன். ஜே லாம் என்பவர் 2006இல் கலிபோர்னியாவின் ஆல்டமான்ட் ஓடுதளத்தில் தொடங்கிய பந்தயம் இது. பிரான்சில் 1923 முதல் நடந்துவரும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தைக் கேலி செய்து வைத்த பெயர். வாங்கிய நாள் முதல் தொல்லை தரும் காரை அமெரிக்கர்கள் 'லெமன்', அதாவது எலுமிச்சை, என்பார்கள். அப்படிப்பட்ட கார்களுக்கென்றே நடப்பதால் பெயர் இரு வகையிலும் பொருந்துகிறது. காரின் விலை 500 டாலருக்குள் இருக்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை விதி. பந்தய உரிமம் தேவையில்லை, சாதாரண ஓட்டுநர் உரிமம் போதும். பெயரில் 24 மணி நேரம் இருந்தாலும், பெரும்பாலும் சனிக்கிழமை ஒரு பகலும் ஞாயிற்றுக்கிழமை ஒரு பகலுமாகவே ஓட்டம் நடக்கும்.

படி 1: காருக்கு முன் ஆட்களைத் தேடுங்கள்

நான்கு முதல் ஆறு பேர் கொண்ட அணி வசதியானது. அனைவரும் வேகமாக ஓட்டத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவர் ஒருவர், கணக்கு எழுதச் சலிக்காதவர் ஒருவர், பொறுமையானவர் ஒருவர் என்று அமைந்தால் அணி பாதி தேறிவிட்டது. ஓட்டுவதில் விருப்பமில்லை, கூடவந்து உதவுகிறேன் என்று சொல்பவர் கிடைத்தால் அவரை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள்.

கார் வாங்குவதற்கு முன்பே பணப் பேச்சை முடித்து எழுதி வையுங்கள். பாதியில் விலகுபவருக்குப் பங்கு திரும்பக் கிடைக்குமா, ஒருவர் ஓட்டும்போது கார் சுவரில் மோதினால் செலவு யாருடையது என்ற இரண்டு கேள்விகளுக்கும் எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே விடை காண்பது நல்லது. மோதிய பிறகு கேட்டால் எந்த விடையும் ஒருவரைப் புண்படுத்தும். செலவைச் சமமாகப் பிரிப்பது என்று எங்கள் அணி முடிவு செய்தது.

படி 2: அலுப்பூட்டும் காரையே வாங்குங்கள்

1990களின் மாஸ்டா மியாட்டா, ஹோண்டா சிவிக் போன்றவை பலரின் தேர்வு. உதிரிப் பாகங்கள் எளிதில் கிடைக்கும், பழுது பார்த்த அனுபவம் உள்ளவர்களும் ஏராளம். யாரிடமும் இல்லாத அரிய காரைக் கொண்டுவந்தால் பார்வையாளர்கள் கைதட்டுவார்கள், ஆனால் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அதன் தண்ணீர்ப் பம்ப் உடைந்தால் எந்தக் கடையிலும் மாற்று கிடைக்காது.

இஞ்சின் திறனைக் கூட்டுவதில் பணத்தைப் போடாதீர்கள். சாலையில் பத்து நிமிடம் கூட முழு வேகத்தில் ஓடிப் பழகாத கார், இங்கே மணிக்கணக்கில் ஆக்சிலரேட்டர் முழுதும் அழுந்திய நிலையில் ஓட வேண்டும். ஆகையால் ரேடியேட்டர், அதன் ரப்பர் குழாய்கள், தண்ணீர்ப் பம்ப், சக்கர பேரிங் ஆகியவற்றைப் புதிதாக மாற்றுங்கள். பிரேக் ஆயிலையும் உயர் வெப்பம் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள். சாதாரண பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி கட்டினால் பெடல் தரைவரை இறங்கும், கார் நிற்காது.

படி 3: பாதுகாப்பில் கஞ்சத்தனம் வேண்டாம்

பாதுகாப்புக் கருவிகள், பிரேக், சக்கரம், டயர் ஆகியவற்றின் செலவு 500 டாலர் கணக்கில் சேராது. ஓட்டுநரைச் சுற்றி எஃகுக் குழாய்களால் பற்றவைக்கப்படும் கூண்டு மட்டுமே காரின் விலையைப் போலப் பல மடங்கு ஆகும் என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். அத்துடன் பந்தய இருக்கை, ஓட்டுநரை இருக்கையோடு பிணைக்கும் பல முனைப் பட்டை, மின்சாரத்தை ஒரே இழுப்பில் துண்டிக்கும் சுவிட்ச், தீயை அணைக்கும் ஏற்பாடு ஆகியவை காரில் வேண்டும். ஓட்டுநருக்குத் தீத்தடுப்பு உடை, கையுறை, காலணி, பந்தயத் தரச் சான்று பெற்ற ஹெல்மெட், கழுத்தைக் காக்கும் சட்டகம் ஆகியவை கட்டாயம். பட்டைக்கும் ஹெல்மெட்டுக்கும் காலாவதி உண்டு. பழையதை மலிவாக வாங்கி வெள்ளிக்கிழமைச் சோதனையில் திருப்பி அனுப்பப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

படி 4: வெள்ளிக்கிழமை நீதிமன்றம்

பாதுகாப்புச் சோதனை முடிந்ததும், கார் உண்மையிலேயே 500 டாலர் மதிப்புள்ளதுதானா என்று விசாரிக்க நீதிபதி அங்கியில் சிலர் காத்திருப்பார்கள். பொய் சொல்வதாகத் தோன்றினால், பந்தயம் தொடங்கும் முன்பே அபராதமாகச் சில சுற்றுகளைக் கழித்துவிடுவார்கள். லஞ்சம் இங்கே வெளிப்படையான சடங்கு. தின்பண்டமோ பானமோ கொடுத்தால், கொடுத்ததற்கு அடையாளமாகக் கார்மேல் முத்திரை குத்துவதும் உண்டு. நாங்கள் ஒரு டப்பா கை முறுக்கு கொடுத்தோம். தீர்ப்பு எங்களுக்குச் சாதகமாகவே வந்தது. கார்களை ஏ, பி, சி என மூன்று பிரிவுகளாகப் பிரிப்பவர்களும் இவர்களே. ஓடவே ஓடாது என்று நினைக்கத்தக்க கார் எதிர்பார்ப்பை மீறி ஓடினால் அதற்குத் தரப்படும் 'இண்டெக்ஸ் ஆஃப் எஃப்லுயன்சி' என்ற பரிசுதான் இங்கே மிக உயர்ந்தது. முதலிடத்துக்கான பரிசுகூட அதற்குக் கீழேதான்.

படி 5: கொடிகளை மனப்பாடம் செய்யுங்கள்

மஞ்சள் என்றால் முன்னே ஆபத்து, முந்தக்கூடாது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டுவிட்டது. கறுப்பு என்றால் நீங்கள் தவறு செய்துவிட்டீர்கள், உள்ளே வந்து விளக்கம் சொல்ல வேண்டும். கார் சுழன்றாலும், தளத்தை விட்டுச் சக்கரம் இறங்கினாலும், பிறர்மேல் உரசினாலும் கறுப்புக் கொடிதான்.

இதன் விலையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கலிபோர்னியாவின் வில்லோஸ் ஊரருகே உள்ள தண்டர்ஹில் ஓடுதளத்தில் ஒரு சுற்று 3 மைல். உங்கள் காருக்கு அது இரண்டரை நிமிடம் ஆகிறது என்றால் எட்டு மணி நேரத்தில் 192 சுற்றுகள் வரும். உயிரைக் கொடுத்து ஒவ்வொரு சுற்றிலும் மூன்று வினாடி மிச்சப்படுத்தினாலும், நாள் முழுவதும் சேர்ந்து பத்து நிமிடம்கூடத் தேறாது. ஒரே ஒரு கறுப்புக் கொடி அதை அப்படியே விழுங்கிவிடும். எங்கள் அணியில் மிக வேகமானவர் முதல் நாளிலேயே மூன்று கறுப்புக் கொடி வாங்கினார். மிக மெதுவாக ஓட்டிய தோழி ஒன்றுகூட வாங்கவில்லை. அவர் ஓட்டியபோதுதான் எங்கள் இடம் மேலே ஏறியது.

படி 6: ஆள் மாறுவதை வீட்டிலேயே பழகுங்கள்

ஒருவர் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் வரை ஓட்டலாம். கோடையில் தீத்தடுப்பு உடைக்குள் அதற்குமேல் இருந்தால் கவனம் சிதறத் தொடங்கும். பந்தயத்தின் நடுவே கார்கள் வந்து நிற்கும் இடமான பிட்டில் ஆள் மாறும்போது ஆகும் தாமதம் பெரும்பாலும் பட்டைகளை மாட்டுவதில்தான். ஆகவே வீட்டு வாசலில் காரை நிறுத்தி, கடிகாரம் வைத்து, இறங்குபவரே ஏறுபவருக்குப் பட்டை மாட்டிவிடுமாறு பலமுறை பழகுங்கள். குள்ளமானவரும் நெட்டையானவரும் ஒரே அணியில் இருந்தால் முதுகுக்குப் பின் வைக்கும் பஞ்சுத் திண்டு ஒன்று தைத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் நிரப்பும்போது வேகம் வேண்டாம். இஞ்சின் அணைந்திருக்க வேண்டும், காருக்குள் யாரும் இருக்கக்கூடாது, நிரப்புபவர் முழுத் தீத்தடுப்பு உடையில் இருக்க வேண்டும், அதே உடையில் இன்னொருவர் தீயணைப்பானைக் கையில் ஏந்தி நிற்க வேண்டும். அந்த நேரத்தில் காரில் வேறு எந்த வேலையும் செய்யாதீர்கள்.

படி 7: உடையும்போது கேளுங்கள், உடைந்தவருக்குக் கொடுங்கள்

கார் உடையும். எங்களுக்கு முதல் நாள் கடைசி மணி நேரத்தில் முன்சக்கர பேரிங் போயிற்று. மாற்று பேரிங் எங்களிடம் இருந்தது, அதை அழுத்திப் பொருத்தும் கருவி இல்லை. பக்கத்துக் கொட்டகைக்காரர்களிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். பட்டியலில் எங்களுக்கு ஒரே இடம் பின்னால் இருந்தவர்கள் அவர்கள். அவர்களில் ஒருவர் கருவியோடு வந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு காருக்கடியில் படுத்து, இரவு பதினொரு மணிவரை எங்களோடு வேலை செய்தார். நாங்கள் கொண்டுபோயிருந்த புளியோதரையை அவருடைய அணியும் சேர்ந்து தீர்த்தது. மறுநாள் பகலில் அவர்களே எங்களை முந்தினார்கள், முந்தும்போது ஜன்னல் வலைக்குள்ளிருந்து கையசைத்தார்கள். பிட் சுவரில் நின்ற நாங்கள் எல்லோரும் எங்கள் ஆளே முந்திவிட்டதுபோலக் கத்தினோம்.

எனவே உங்கள் கருவிப் பெட்டியில் ஒவ்வொன்றின் மேலும் ஒரே நிறப் பெயின்ட் கோடு போட்டு வையுங்கள். கருவிகள் நிச்சயம் பல கொட்டகைகளுக்குப் போகும். நிறம் பார்த்து மாலைக்குள் திரும்பி வந்துவிடும்.

படி 8: ஞாயிறு மாலை, வண்டியில் ஏற்றும் முன்

காரை டிரெய்லரில் ஏற்றியவுடன் எல்லோருக்கும் உறக்கம் வரும். அதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி, ஓட்டிய ஒவ்வொருவரும் கவனித்த குறைகளை ஒரே நோட்டில் எழுதுங்கள்: மூன்றாவது கியர் மாறும்போது எழும் சத்தம், இடப்பக்கம் இழுக்கும் பிரேக், வியர்வையில் வழுக்கும் ஸ்டீரிங். கார் யார் வீட்டில் நிற்கும், அடுத்து எந்தச் சனிக்கிழமை கூடுவது என்பதையும் அதே பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் பதினேழு குறைகள் உள்ளன, பதினேழாவது, "புளியோதரை போதவில்லை."