அப்ஜெக்டிவ்-சி: தாய் கிளாஸில் உள்ள பிராப்பர்ட்டி புரோட்டோகாலுக்குப் போதும்

அப்ஜெக்டிவ்-சி என்ற நிரல்மொழியில், புரோட்டோகால் (ஒரு கிளாஸில் என்னென்ன இருக்க வேண்டும் என்ற பட்டியல்) கேட்கும் பிராப்பர்ட்டி (பெயரிட்ட மதிப்பு) தாய் கிளாஸிலேயே இருந்தால், சேய் கிளாஸில் அதை மறுபடி அறிவிக்க வேண்டாம். மறுபடி @சிந்தசைஸ் (@synthesize: கெட்டர், செட்டரைக் கம்பைலரே எழுதச் சொல்லும் கட்டளை) எழுதவே வேண்டாம். புரோட்டோகாலுக்குத் தேவை கெட்டர் (மதிப்பைப் படிப்பது), செட்டர் (மதிப்பை மாற்றுவது) என்ற மெத்தட்கள்தான். அவை மரபுவழி வந்தாலும் செல்லும். சேயில் @சிந்தசைஸ் போட்டால் தனியாக இன்னொரு ஐவார் (மதிப்பைச் சேமிக்கும் உள் மாறி) உருவாகும். தாய் கிளாஸ் தன் ஐவாரில் நேரடியாக எழுதும் மதிப்பு, சேயின் கெட்டரில் தெரியாது. இந்தப் பிழையைத் தேடிப் பிடிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும்!

பிராப்பர்ட்டி தாயில் ரீட்ஒன்லி (படிக்க மட்டும்), புரோட்டோகாலில் ரீட்ரைட் (படிக்கவும் மாற்றவும்) என்றால் இது பொருந்தாது. அப்போது செட்டரை நீங்களே எழுத வேண்டும். @டைனமிக் (@dynamic: மெத்தட்கள் வேறு இடத்திலிருந்து வரும் என்று சொல்வது) போட்டால் கம்பைலரின் எச்சரிக்கை அடங்கும், அவ்வளவுதான்; செட்டர் உண்மையில் இல்லையென்றால், ஓடும்போது அதை அழைத்ததும் கிராஷ் ஆகும்.