கிணற்றடியில் ஒரு ஜூல் கணக்கு

ஜூல், வாட், யூனிட் மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்களுக்காக இது. பாடப் புத்தகத்தை மூடிவிட்டு, பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றடிக்கு வாருங்கள். தாளும் பேனாவும் போதும்.

முதலில் அளவுகளை மாற்றிக்கொள்ளுங்கள். நம் ஊரில் கிணற்றுக்கு அடிக்கணக்குதான். தண்ணீர் 65 அடியில் கிடந்தால் சுமார் 20 மீட்டர். 10 லிட்டர் வாளி என்றால் 10 கிலோ தண்ணீர். வாளி, கயிற்றின் எடையை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

அடுத்து விசை. சறுக்குகிற இடம் இதுதான். கிலோகிராம் நிறையைச் சொல்வது. விசை வேண்டுமானால் புவியீர்ப்பு முடுக்கமான 9.8ஆல் பெருக்க வேண்டும். 10 × 9.8 = 98 நியூட்டன்.

சரி, இனி வேலை. விசையை, அதே திசையில் நகர்ந்த தூரத்தால் பெருக்குங்கள்: 98 × 20 = 1,960 ஜூல். ஒரு ஜூல் எவ்வளவு என்று கைக்குத் தெரிய வேண்டுமா? நூறு கிராம் மஞ்சள்தூள் பொட்டலத்தை ஒரு மீட்டர் தூக்குங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான்.

‘அதே திசையில்’ என்பதை விட்டுவிடாதீர்கள். அம்மிச்சி குடத்தை இடுப்பில் வைத்துச் சமதரையில் வீடு வரை நடக்கிறார். குடம் மேலே ஏறவில்லை. ஆகவே புவியீர்ப்பை எதிர்த்துச் செய்த வேலை சுழி. இதை அவரிடம் சொல்லிவிட்டு அன்றைக்குச் சோறு எதிர்பார்க்காதீர்கள்.

அப்புறம் கடிகாரத்தைப் பாருங்கள். அந்த வாளியை 20 நொடியில் சேந்தினால் 1,960 ÷ 20 = 98 வாட். இது திறன், அதாவது ஒரு நொடியில் நடக்கும் வேலை. ஒரு குதிரைத்திறன் 746 வாட்; நாம் அதில் எட்டில் ஒரு பங்குக்குக் கொஞ்சம்தான் மேலே!

மின் மீட்டரில் ஓடும் யூனிட் ஆற்றலைச் சொல்வது; வேலையைப் போலவே அதையும் ஜூலில் அளக்கலாம். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம், அதாவது 1,000 × 3,600 = 36 லட்சம் ஜூல். ‘5 எச்.பி. (குதிரைத்திறன்) மோட்டார் எத்தனை யூனிட்?’ என்று கேட்டால் ‘எத்தனை மணி நேரம் ஓடிச்சு?’ என்று திருப்பிக் கேளுங்கள். முழுத் திறனில் ஒரு மணி நேரம் ஓடினால் அது தருவது 3.73 யூனிட். கொஞ்சம் வெப்பமாகப் போய்விடுவதால் மீட்டர் அதைவிடக் கூடவே காட்டும்.

கையால் ஒரு யூனிட் சேந்த 36,00,000 ÷ 1,960, சுமார் 1,837 வாளி. வாளிக்கு 20 நொடி வீதம் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும்.