விண்கல் உருக்கிய பாறையைத் தனிமப் படமாக்குவது எப்படி?

சரியாகக் கிளறாத பாகை வார்த்த அச்சு வெல்லத்தை உடைத்துப் பாருங்கள். வெளிறிய கோடும் கருத்த கோடும் பின்னிக் கிடக்கும். விண்கல் மோதி உருகிய பாறையும் அப்படித்தான். முழுக்கக் கலப்பதற்குள் இறுகிவிடும். அந்தக் கோடுகளைத் தனிமம் தனிமமாகப் படம் எடுப்பதுதான் நம் வேலை.

அந்தக் கல்லுக்கு விண்கல் மோதிய பள்ளங்களான மகாராஷ்டிரத்து லோனாருக்கோ மத்தியப் பிரதேசத்துத் தாலாவுக்கோ போக வேண்டும். ஆனால் கை பழக நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் கிடைக்கும் அனார்த்தசைட் என்ற வெளிறிய பாறை போதுமுங்க. இஸ்ரோ செயற்கை நிலவு மண் செய்தது இந்தக் கல்லில்தான். இதில் கால்சியமும் அலுமினியமும் பளிச்சென்று தெரியாவிட்டால் தப்பு நம் பக்கம்.

1. கல்லைச் சிறு துண்டாக வெட்டி, எபாக்சிப் பிசினில் பதித்து, படிப்படியாகத் தேய்த்து, கடைசியில் 1 மைக்ரான் வைரப் பசையால் மெருகேற்றுங்கள். நான் முதல் தடவை அலுமினா (அலுமினிய ஆக்சைடு) தூளில் முடித்தேன். விரிசல் முழுக்க அலுமினியம் ஜொலித்தது! ஏதோ கண்டுபிடித்துவிட்டதாக இரண்டு நாள் திரிந்தேன்.

2. கல்லில் மின்னேற்றம் தேங்காமலிருக்க மேலே கார்பன் பூச்சு. தங்கம் வேண்டாம், அதன் எக்ஸ் கதிர் பாஸ்பரஸ், கந்தகத்தின் எக்ஸ் கதிர்களோடு குழம்பும்.

3. ஈடிஎஸ் (எக்ஸ் கதிரின் ஆற்றலை வைத்துத் தனிமத்தை அறியும் கருவி) பொருத்திய எலக்ட்ரான் நுண்ணோக்கியில் 15 கிலோவோல்ட் வையுங்கள். முதலில் பின்சிதறல் படம், அதாவது கல்லில் பட்டுத் திரும்பும் எலக்ட்ரான்களால் வரும் படம்: சராசரி அணு எண் கூடக்கூட வெளுப்பாகத் தெரியும். கோடு ஓடும் இடமாகப் பார்த்து சிலிக்கான், அலுமினியம், கால்சியம், சோடியம், பொட்டாசியம், இரும்பு, மெக்னீசியம், டைட்டானியம் எடுங்கள். கண்ணாடியில் ஒரே புள்ளியில் கதிர் நின்றால் சோடியம் நழுவும். அதனால் வேகமாகப் பல சுற்று ஓட்டுங்கள்.

4. அப்புறம் இமேஜ்ஜே மென்பொருளில் படங்களை ஒன்று சேர்க்கும் மெர்ஜ் சேனல்ஸில் இரும்புக்குச் சிவப்பு, கால்சியத்துக்குப் பச்சை, பொட்டாசியத்துக்கு நீலம். இங்கேதான் பலரும் சறுக்குவது: ஒவ்வொரு படமும் தன் அளவுக்கு வெளிச்சத்தை இழுத்துக்கொள்ளும். பொட்டாசியமே இல்லாத கல்லிலும் நீலம் மின்னும். வெளிச்சம் சதவீதம் அல்ல. சந்தேகமான கோட்டின் மேல் பத்துப் புள்ளி வைத்து அளந்து பாருங்கள். லோனாரில் உருகியது பெரும்பாலும் ஒரே பசால்ட் என்ற எரிமலைப் பாறை. அங்கே நிற வேறுபாடு மங்கலாகத்தான் வரும்.

5. விண்கல்லின் மிச்சம் தேடி நிக்கல் படம் எடுத்தால் வெறும் புள்ளித் தூறல்தான் விழும். சுமார் 0.1 சதவீதத்துக்குக் கீழே ஈடிஎஸ்ஸுக்குக் கண் தெரியாது. விண்கல்லின் இன்னொரு தடயமான இரிடியத்துக்கோ கல்லைக் கரைத்து, மிகச் சிறிய அளவையும் அளக்கும் ஐசிபி-எம்எஸ் என்ற நிறமாலைக் கருவியில்தான் பார்க்க வேண்டும்.