கரையோர நீர்த்திரள்களை வெப்பநிலை–உப்புத்தன்மை வரைபடத்தில் இனங்காணுதல்

பைத்தானில் கோப்பைப் படிக்கவும் வரைபடம் வரையவும் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீர்த்திரள் என்பது தனக்கே உரிய வெப்பநிலையும் உப்புத்தன்மையும் கொண்ட பெரும் நீர்ப்பகுதி.

படி 1. சிடிடி கருவி (நீரின் மின்கடத்துதிறன், வெப்பநிலை, ஆழம் ஆகியவற்றை அளப்பது) கீழே இறங்கும்போது பதிந்த அளவீடுகளை மட்டும் எடுத்து, மீட்டருக்கு ஒரு சராசரியாகச் சுருக்குங்கள். வெப்பநிலை சட்டென்று மாறும் ஆழத்தில் வெப்ப உணரியும் மின்கடத்து உணரியும் ஒரே வேகத்தில் இயங்காததால், அவ்விரண்டிலிருந்தும் கணக்கிடப்படும் உப்புத்தன்மையில் பொய்யான கூர்முனைகள் தோன்றும். அவற்றைத் தனி நீர்த்திரளாகக் கொள்ளக் கூடாது.

படி 2. கோப்பிலுள்ள செய்முறை உப்புத்தன்மையை (மின்கடத்துதிறனிலிருந்து பெறும் அலகற்ற எண்) கடல்நீரின் பண்புகளைக் கணக்கிடும் ஜிஎஸ்டபிள்யூ நூலகத்தைக் கொண்டு தனி உப்புத்தன்மையாக (ஒரு கிலோ நீரில் எத்தனை கிராம் உப்பு என்பது) மாற்றுங்கள். 35க்கு அருகில் இவ்விரண்டின் வேறுபாடு சுமார் 0.17, மாற்றாமல் விட்டால் அடர்த்திக் கோடுகள் இடம்பெயர்ந்துவிடும்.

படி 3. கிடையச்சில் உப்புத்தன்மை, நெட்டச்சில் வெப்பநிலை, பின்னணியில் சம அடர்த்திக் கோடுகள், புள்ளிகளுக்கு ஆழத்திற்கேற்ற நிறம். விரைவாகப் பார்க்க ஓஷன் டேட்டா வியூ என்ற மென்பொருள் போதும். ஆயினும் கணக்கைத் திரும்பச் செய்ய முடிவதால் நான் பைத்தானையே விரும்புகிறேன்.

படி 4. பலரும் தடுமாறும் இடம் இதுதான். புள்ளிகள் நெருங்கியிருக்கும் இடமே நீர்த்திரள் என்று தோன்றும். ஆனால் அந்த நெருக்கம் நாம் எங்கே அதிகம் அளந்தோம் என்பதையே பெரும்பாலும் காட்டுகிறது. இரண்டு நீர்கள் கலந்தால் புள்ளிகள் அவற்றை இணைக்கும் நேர்கோட்டிலும், மூன்று கலந்தால் முக்கோணத்துக்குள்ளும் விழும் என்பதால், தேட வேண்டியவை கோட்டின் முனைகளும் வளைவுகளுமே.

ஆற்றுநீர் கலந்த கரைநீர் 29 பாகை, உப்புத்தன்மை 28 என்றும், வெளிக்கடல் நீர் 24 பாகை, 35 என்றும் வைத்துக்கொள்வோம். உப்புத்தன்மை 33.6 உள்ள மாதிரியில் வெளிக்கடல் நீரின் பங்கு (33.6 − 28) ÷ 7, அதாவது 80 விழுக்காடு, கலப்பு மட்டுமே காரணமானால் வெப்பநிலை 25 பாகையாக இருக்க வேண்டும். அளவீடு 26.2 என்று காட்டினால், நிறத்தைப் பார்த்து ஆழத்தை அறியுங்கள். மேற்பரப்பை ஒட்டியிருந்தால் அந்த 1.2 பாகை பெரும்பாலும் வெயில் தந்தது. ஆழத்தில் என்றால் மூன்றாவது நீர் ஒன்றைச் சந்தேகிக்கலாம், அதை உறுதிசெய்யக் கரைந்த ஆக்சிஜன் அளவு உதவும். வெயிலும் ஆவியாதலும் மழையும் கலப்பின்றியே புள்ளிகளை நகர்த்துவதால், முனைகளைத் தேர்ந்தெடுக்கையில் மேலடுக்கை விலக்கிவிடுவதே நல்லது.

பிற்சேர்க்கை: தங்கள் வரைபடத்தில் ஒரே ஒரு புள்ளிக்கொத்துதான் வருகிறது என்று வாசகர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். ஆழம் குறைந்த இடத்தில் காற்றும் ஓதமும் மேலிருந்து அடிவரை நீரைக் கலக்கிவிட்டால் அப்படித்தான் வரும். கரையிலிருந்து கடல் நோக்கிச் செல்லும் பல நிலையங்களின் அளவீடுகளை ஒரே வரைபடத்தில் இட்டால் கலப்புக் கோடு புலப்படும். அவை ஒரே பருவத்தில் எடுத்தவையாக இருக்கட்டும்.