மீத்திறன் கணினியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: நான் பட்டவை

சென்ற வாரம் ஒரு மாணவர் வெளிறிய முகத்தோடு வந்து நின்றார். மூன்று நாள் ஓடிய சிமுலேஷன் நின்றுவிட்டது, விட்ட இடத்திலிருந்து தொடங்க மறுக்கிறது. காரணத்தை நான் கேட்கவே இல்லை. அதே குழியில் விழுந்து எழுந்தவன் நான். கடவுச்சொல்லை மறப்பது, நிரலில் எழுத்துப்பிழை விடுவது போன்றவை தாமாகவே கண்ணில் படும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

லாகின் கணினியிலேயே கணக்கை ஓட்டுவது

கூடாது. அது எல்லோரும் நுழையும் வாசல்.

கணக்கிடும் அலகுகளான கோர்களைக் கூட்டினால் வேகம் கூடும் என்று நம்புவது

வேலையில் நூற்றுக்கு 5 பங்கைப் பிரித்துக் கொடுக்க முடியாது என்றால், ஆயிரம் கோர்கள் இருந்தாலும் வேகம் 20 மடங்கைத் தொடாது. கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967-லேயே எச்சரித்த விஷயம் இது. முதலில் 8, 16, 32 என்று சிறிதாக ஓட்டி அளந்து பாருங்கள்.

செக்பாயின்ட் கோப்பைச் சோதிக்காமல் நம்புவது

என் முதல் பெரிய மூலக்கூறு சிமுலேஷனில் விட்ட இடத்திலிருந்து தொடர, மணிக்கு ஒருமுறை நிலையைச் செக்பாயின்ட் கோப்பில் எழுத ஏற்பாடு செய்திருந்தேன். அதில் பெருமை வேறு. ஆனால் ஒரே பெயரில், பழையதன் மேலேயே எழுதியது. ஆறாம் நாள் அனுமதித்த நேரம் தீர்ந்து ஓட்டம் வெட்டப்பட்டபோது, எழுதுவது பாதியில் இருந்தது. புதியது அரைகுறை, பழையது இல்லை.

அடுத்த முறை இரண்டு கோப்புகளில் மாற்றி மாற்றி எழுதினேன். மறுதொடக்கமும் நடந்தது. ஆனால் கோப்பில் அணுக்களின் இடம் மட்டுமே இருந்தது, வேகம் இல்லை. நிரல் புதிய வேகங்களைத் தானே குலுக்கிப் போட்டுக்கொண்டு ஓடியது, பிழைச் செய்தி ஒன்றுகூட வரவில்லை. வரைபடத்தில் ஒட்டுப்போட்ட இடத்தில் ஒரு துள்ளல். அதை நிலைமாற்றம் என்று நினைத்து இரண்டு பக்கம் எழுதியும் வைத்தேன்!

1961-ல் எட்வர்ட் லோரன்ஸ் தம் வானிலை மாதிரியை நடுவிலிருந்து மீண்டும் ஓட்டியபோது, 0.506127-க்குப் பதில் அச்சில் இருந்த 0.506-ஐக் கொடுத்தார். வானிலை வேறெங்கோ போயிற்று. தொடக்கத்தின் சிறு மாற்றம் பெரிதாக வளரும் என்னும் கேயாஸ் கோட்பாடு அவருக்குக் கிடைத்தது. எனக்குக் கிடைத்தது, ஒதுக்கிய கணினி நேரத்தில் பெரிய ஓட்டை.

இதற்குச் சோதனை எளிது. 100 படிகளை ஒரே மூச்சில் ஓட்டுங்கள். பிறகு 50-ல் நிறுத்தி, கோப்பிலிருந்து மீதியை ஓட்டி ஒப்பிடுங்கள். பல கோர்கள் எண்களைக் கூட்டும் வரிசை மாறுவதால் கடைசி இலக்கங்கள் பிசகலாம். வெப்பநிலை குதித்தால் மட்டும் விடாதீர்கள்.

எவ்வளவு இடைவெளியில் எழுதுவது? ஜான் யங் 1974-ல் தந்த சூத்திரம் போதும்: எழுதும் நேரத்தையும் பழுதுகளுக்கிடையிலான சராசரி நேரத்தையும் பெருக்கி, இரட்டித்து, வர்க்கமூலம் எடுங்கள். எழுத 5 நிமிடம், 24 மணிக்கு ஒரு பழுது என்றால் 2 மணிக்கு ஒருமுறை.

தற்காலிக வட்டில் குடியேறுவது

அங்கே விட்டுவைத்த கோப்புகளை அழித்துவிடுவார்கள். முன்பே சொல்லியும் இருப்பார்கள்.

ஒரே கண்ணி அளவோடு நிறுத்திக்கொள்வது

கண்ணி என்பது, கணக்கிடும் வெளியைத் துண்டாக்கும் வலையின் சிறு கட்டம். கண்ணியைப் பொடியாக்கினால் விடை மாறுகிறதா? அப்படியானால் நீங்கள் கண்டது இயற்பியல் அல்ல, கண்ணியின் கைவண்ணம். முப்பரிமாணத்தில் இடைவெளியைப் பாதியாக்கினால் கண்ணிகள் 8 மடங்கு, கணக்கு ஒருமுறை முன்னேறும் நேரமான காலப்படியும் பாதியானால் செலவு 16 மடங்கு. அதனால்தான் எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள். சென்ற வாரம் வந்த மாணவரிடம் இதையும் கேட்டேன். தரையைப் பார்த்தார்.