ஒரிஜினல் காமிக்ஸ் பக்கம் வாங்குகிறீர்களா?

2022 ஜனவரியில் அமெரிக்காவின் ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தில் ஸ்பைடர்மேன் கதைக்காகக் கலைஞர் கையால் வரைந்த ஒரே ஒரு மூலப் பக்கம் 33.6 லட்சம் டாலருக்கு விலைபோனது. 1984இல் வெளிவந்த இதழுக்காக மைக் ஜெக் வரைந்தது. நாயகன் உடலில் கறுப்பு உடை படரும் கட்டம் அது. ஓவிய நேர்த்தியைவிட அந்தக் கணத்துக்குத்தான் அவ்வளவு விலை. அதற்கு முந்தைய ஆண்டு, அச்சிடச் செலவாகும் என்று 1936இல் ஒதுக்கப்பட்ட டின்டின் காமிக்ஸ் புத்தகத்தின் அட்டை ஓவியம், மடிப்புத் தடங்களோடு, பாரிஸில் சுமார் 32 லட்சம் யூரோவுக்குப் போனது!

ஆகவே குறைந்த பணத்தில் தொடங்குபவர்கள் அட்டைப்படத்தையும் சண்டைக் காட்சியையும் விட்டுவிடுங்கள். நாயகன் முகமூடியின்றி யாருடனோ பேசிக்கொண்டிருக்கும் பக்கத்தைத் தேடுங்கள். அதே கலைஞரின் அதே கை, விலை மட்டும் பல மடங்கு குறைவு. எனக்கு இந்த அமைதியான பக்கங்கள்தான் அதிகம் பிடிக்கும். முகங்களில் கலைஞர்கள் எடுத்துக்கொண்ட சிரத்தை அங்கேதான் தெரியும்.

வாங்கும் முன் தாளை விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். அழிந்தும் அழியாத பென்சில் கோடு, பிழையை மறைத்த வெள்ளை மையின் மேடு, சில பழைய பக்கங்களில் தனியாக எழுதி ஒட்டிய வசனத் துண்டின் விளிம்பு இவை கண்ணில் படும். எல்லாமே வழவழவென்று இருந்தால் அது அச்சுப் பிரதியாக இருக்கலாம். பின்புறத்தையும் பார்க்கத் தவறாதீர்கள். சட்டமிட்டபின் வெயில் படும் சுவர் வேண்டாம். மார்க்கர் மை வெளுத்துவிடும்.